விளையாட்டுப் படையும் கல்வெட்டுப் படையும்

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைக் கூறுதல் நம் இலக்கியத்தின் நெடுநாள் மரபு. அந்நான்கனையும் பலகைமேல் நிறுத்திய ஆடல் சதுரங்கம். இன்று பலகையின் இடத்தைக் கணினித் திரை கொண்டுள்ளது. அத்திரையில் உரோமர் படையை வரலாற்றுக்கு இயைய அமைத்தல் மேலைநாட்டு ஆடுநர் பலர்க்குப் பெருவிருப்பாகும். சோழர் படையையும் அங்ஙனம் அமைத்தல் கூடுமோ என முடிச்சூர் வாழ் மாணவர் சிலர் எம்மை வினவினர். வினா விளையாட்டைப் பற்றியதேனும் விடை சான்றின் இயல்பைப் பற்றியது. ஆகலின் ஈண்டு ஆராயற்பாலதாயிற்று.

உரோமர் படைக்குச் சான்றுகள் பல. பொலிபியசு என்பார் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தம் வரலாற்று நூலின் ஆறாம் பகுதியில், இளையர், நடுவயதினர், முதியர் எனக் காலாட்கள் அணிவகுக்கப்பெற்ற முறையை விளக்கியுள்ளார். கி.பி. 113இல் எழுந்த டிராசன் தூண் படைஞர் கோலத்தைக் கல்லிற் காட்டும். ஆயின் பிற்காலத்தவராகிய வெகேசியசு, தம் காலத்துப் படை நலிந்தமை கண்டு முன்னோர் படையை விதந்து எழுதியவர். அவர் நூலை அவர் காலப் படையின் கணக்காகக் கொள்ளுதல் பிழையாகும். எச்சான்று எந்நோக்கில் எழுந்தது என்பதை அறிந்த பின்னரே அதனைப் பயன்கொள்ளல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, நம் பொருளுக்கு வருவோம். 'ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2' என்னும் ஆடலுக்கு 2022இல் வெளிவந்த 'டைனஸ்டீஸ் ஆப் இந்தியா' என்னும் விரிவு, திராவிடர் என்றொரு பிரிவையும் இராசேந்திரன் பெயரால் ஒரு போர்த்தொடரையும் கொண்டது. காலாளையும் கலத்தையும் அப்பிரிவின் வலிமையாக வைத்தமையும், யானைமேல் வில்லாளரை நிறுத்தியமையும் பாராட்டற்குரியன. தேரினை அப்பிரிவிற்குத் தாராமையும் நன்றே. ஆயின் அதற்கே உரிய சிறப்புப் படையாக 'உருமி' வாள்வீரரை அமைத்தமை வினாவுக்கு உரியது. தமிழர் சுருள்வாள் என வழங்கும் படைக்கலம் அது. உறுமி எனின் நமக்கு முதற்கண் தோன்றுவது தோற்கருவியே.

சோழர் படைப்பிரிவுகளின் பெயர்களை அறியச் சிறந்த சான்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளாம். ஆனையாட்கள், குதிரைச்சேவகர், வில்லிகள், வேளைக்காரர் எனப் பல பிரிவினரை முதலாம் இராசராசன் காலத்தே அவை குறிக்கின்றன. 'பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள்' என்றாற்போல மன்னன் விருதுப்பெயரோடு 'தெரிந்த' என்னும் அடையும் வரும். தெரிந்தெடுக்கப்பெற்றோர் என்பது பொருள். இவற்றுள் தேர்ப்படையும் இல்லை, சுருள்வாட்படையும் இல்லை. நால்வகைப் படையெனப் பாடுதல் புலவர்க்கு மரபாகலாம். அம்மரபைப் படைக்கணக்காகக் கொள்வோர் வெகேசியசைப் பிறழ உணர்ந்தாரை ஒப்பர்.

கல்வெட்டுகளுள்ளும் வேறுபாடு காணல் வேண்டும். முடிச்சூருக்கு மேற்கே அணித்தாக உள்ளது மணிமங்கலம். முதலாம் நரசிம்மவர்மன் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு அதனைக் கூறும். அவ்வூர்க் கோயிலில் வீரராசேந்திரன் (1063-1070) கல்வெட்டும் உண்டு. கூடல்சங்கமத்தில் அவன் சாளுக்கியரை வென்றமையை அதன் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கின்றது. மெய்க்கீர்த்தி மன்னன் புகழ் பாட எழுந்தது. தஞ்சைக் கல்வெட்டோ கோயிலுக்குரிய பொருளுக்குப் பொறுப்பேற்றாரைப் பதிய எழுந்தது. படையைப் பற்றி எழுதுதல் பின்னதன் நோக்கமன்று. அதனாலேயே அதன் கூற்று மிகைபடாதது.

அக்கூற்று பிறிதொன்றும் உணர்த்தும். படைப்பிரிவினர் கோயிற்பணத்தை வட்டிக்குக் கொண்டனர். திருமேனிகளின் வழிபாட்டிற்குப் பொறுப்பேற்றனர். எனவே அவர்கள் பொருளும் சொல்லுறுதியும் உடைய குழுவினர். ஈழத்து வேளைக்காரர் செய்தியும் இதனை வலியுறுத்தும். முதலாம் விசயபாகு சோழர்மேற் செல்லப் பணித்தபோது அவர்கள் மறுத்துக் கிளர்ந்தனர் எனச் சூளவமிசம் கூறும். பின்னர்ப் பொலன்னறுவையில் புத்தர் பல் பேணும் கோயிலைத் தம் காவலில் ஏற்றமையை அவர்தம் தமிழ்க் கல்வெட்டே அறிவிக்கின்றது. ஆடலிலோ உணவும் பொன்னும் ஈந்த அளவிற் படைஞர் தோன்றுவர், ஏவிய திசையில் ஏகுவர், மறுத்தல் அறியார். வாளின் வடிவைத் திருத்துதல் எளிது. இக்குறை அதனினும் பெரிது.

விளையாட்டிற்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ எனின், வேண்டும் என்போம். நூலைத் தொடாத இளைஞரும் இராசேந்திரன் பெயரை இத்திரையிற் கற்கின்றனர். அவர்க்குத் தவறான படையை ஈந்தோர் அயலார் என அமைதல் நமக்குப் பொருந்தாது. படைச்சொற்களைக் காலம், இடம், சான்றின் வகை ஆகியவற்றோடு தொகுத்து எளிய தமிழில் அவர் கையிற் சேர்த்தல் தமிழ்த் துறைகளின் கடன். ஆய்வுப் பொருள் தேடும் முதுகலை மாணவர் இப்பணியை மணிமங்கலத்துச் சுவரினின்றே தொடங்கலாம்.