கிரீட் தீவின் கோடைக்கு எந்தக் கருவிகள் போதும்?

ஜூலை, ஆகஸ்டில் கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போகிறவர்கள் தொப்பி, சன்ஸ்கிரீன், பருத்தி உடை என்று பார்த்துப் பார்த்து அடுக்குகிறார்கள். போனுக்கு வேண்டியதை மட்டும் கிளம்பும் இரவில் கையில் கிடைத்தபடி பைக்குள் போடுகிறார்கள். படகு டிக்கெட், பஸ் நேரம், வழி, பணம் எல்லாமே போனில் இருக்கும்போது இது சரியில்லை. அந்த வெயிலில் எது கைகொடுக்கிறது, எது வெறும் சுமை என்பதைப் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

சோதனைக்களம்: கிரீட்டின் சமாரியா பள்ளத்தாக்கு. 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தொடங்கும் இந்த 16 கி.மீ. நடை, லிபியக் கடலோரத்தில் அயியா ருமெலி கிராமத்தில் முடிகிறது. அந்த ஊருக்குச் சாலை கிடையாது. படகில்தான் வெளியேற வேண்டும். வழியில் பெரும்பாலும் சிக்னல் இல்லை. ஊற்று நீர் கிடைப்பதால் பெரிய தண்ணீர் பாட்டிலும் வேண்டாம்.

பவர் பேங்க்

20,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 74 வாட்-அவர். விமானத்தில் முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லக்கூடிய 100 வாட்-அவர் வரம்புக்குள் இது அடங்கும். கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. துபாய் வழியாகப் போகிறவர்கள் கவனிக்க: எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டுமே அனுமதிக்கிறது, விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் கூடாது. திறன் அளவு அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எழுத்து அழிந்துபோன பழையதை எடுத்துப் போகாதீர்கள்.

கிரீட்டில் பெரிய எதிரி வெப்பம். ஐபோன்களை 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். அதற்கு மேல் சூடேறினால் திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நின்றுபோகும். போனையும் பவர் பேங்க்கையும் ஒரே பாக்கெட்டில் சேர்த்து வைத்து நடந்தால் இரண்டும் ஒன்றையொன்று சூடாக்கிக்கொண்டு சார்ஜ் ஆமை வேகத்தில் ஏறுகிறது. மர நிழலில் உட்கார்ந்து, போனைத் தனியே வைத்து ஏற்றினால் சாப்பிட்டு முடிப்பதற்குள் வேண்டிய அளவு ஏறிவிடுகிறது. பள்ளத்தாக்கில் விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள். இல்லாத சிக்னலைத் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

மேலே சூரியத் தகடு ஒட்டிய பவர் பேங்க்கை வாங்கவே வேண்டாம். கையகலத் தகட்டில் கிடைக்கும் மின்சாரம் மிகக் குறைவு. அதற்காக பேட்டரியை வெயிலில் காயவைத்தால் அதன் ஆயுள்தான் குறையும்.

சார்ஜர்

கிரேக்கத்தில் நம் ஊரைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் போன் சார்ஜர்களில் உள்ள மெல்லிய இரண்டு முள் பிளக் அப்படியே பொருந்துகிறது. லேப்டாப்பின் மூன்று முள் பிளக் பொருந்தாது. அங்குள்ள சாக்கெட் வட்டமான குழிக்குள் இருப்பதால், எல்லா நாட்டுக்கும் ஒன்று என விற்கும் பருமனான அடாப்டர் உள்ளே போகாமல் சரிந்து நிற்கிறது. வட்டத் தலையுள்ள சிறிய ஐரோப்பிய அடாப்டரே சிறந்தது.

இரண்டு துளைகள் உள்ள சி-வகை சார்ஜர் ஒன்று போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்பனைக்கு வரும் புதிய போன்களுக்கு சி-வகைத் துளை கட்டாயம் என்பதால் கேபிள் தொலைந்தாலும் எளிதில் கிடைக்கும்.

வரைபடச் செயலி

கூகுள் மேப்ஸில் முன்கூட்டியே இறக்கிவைத்த வரைபடம், இணையம் இல்லாதபோது கார் வழியைக் காட்டும். நடைவழிக்கு அதை நம்ப முடியாது. இலவசமாகக் கிடைக்கும் ஆர்கானிக் மேப்ஸ் ஒற்றையடிப் பாதையையும் ஏற்ற இறக்கத்தையும் சிக்னல் இல்லாமலே காட்டுகிறது. பாறைச் சுவர்கள் நெருங்கி வழி சில மீட்டராகச் சுருங்கும் சமாரியாவின் இரும்பு வாசல் பகுதியில், நம் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி அங்கும் இங்கும் தாவுகிறது. பாதை ஒன்றே ஒன்றுதான் என்பதால் பயமில்லை.

சிம்மைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கியது பொதுவாக மற்ற உறுப்பு நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணமின்றி வேலை செய்யும். துருக்கி அதில் சேராது.

நீர்புகா உறை

போனின் ஐபி68 நீர்த்தடுப்புத் தரம் நன்னீருக்கானது, உப்புநீருக்கு உத்தரவாதமில்லை. கடலில் இறங்குவதானால் உறை அவசியம். முதலில் உள்ளே டிஷ்யூ காகிதத்தை மட்டும் வைத்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். நீருக்கடியில் தொடுதிரை கேட்காது. படமெடுக்க ஒலியளவுப் பொத்தானைத்தான் அழுத்த வேண்டும்.

தீர்ப்பு

தனியாகப் போகிறவருக்கு 10,000 எம்.ஏ.எச். போதும், குடும்பத்துக்கு 20,000. அதோடு ஒரு சார்ஜர், ஒரு வட்ட அடாப்டர், ஆஃப்லைன் வரைபடம், ஓர் உறை. சூரிய சார்ஜரையும் பருமனான அடாப்டரையும் வீட்டிலேயே விட்டுவிடலாம். கிளம்பும் முன் போனை விமானப் பயன்முறையில் போட்டு, கிரீட்டில் ஒரு நடைவழியைத் தேடிப் பாருங்கள். வழி வந்தால் மட்டுமே பையை மூடுங்கள்.