ஐந்து அப்பிள்களின் விலை

ஏர்னெஸ்ற் ஹெமிங்வேயின் பாரிஸ் நினைவுகள் அவர் மறைந்து மூன்றாண்டுகளின் பின், 1964இல் நூலுருப் பெற்றன. 'ஏ மூவபிள் ஃபீஸ்ற்' என்பது நூலின் பெயர். கிறித்தவ நாட்காட்டியில் ஆண்டுக்காண்டு திகதி மாறிவரும் பெருநாளைச் சுட்டும் தொடர் அது. ஆயின் 'ஃபீஸ்ற்' என்னும் சொல் விருந்தையும் குறிக்குமாதலால், போகுமிடமெல்லாம் உடன்வரும் விருந்து என்ற பொருளும் அதில் தொனிக்கிறது. பெயருக்கேற்ப நூலெங்கும் உணவு மணக்கிறது. உயர்தர வகுப்பில் எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் இதனைப் படித்துவிட்டு, "வறுமை இவ்வளவு இனிமையாக இருக்குமா, சேர்?" என்று வினவினார். கேட்டவர் பல நாட்கள் காலையுணவின்றிப் பாடசாலைக்கு வருபவர். உடனே விடை கூற எமக்கு இயலவில்லை. நூலை மீண்டும் எடுத்துப் படிக்க நேர்ந்தது அதனாலேயே.

முதலில் நூலின் சிறப்பை ஒப்புக்கொண்டுவிடுவோம். 1921ஆம் ஆண்டு இறுதியில், மணமாகிச் சில மாதங்களே ஆன நிலையில், ஹெமிங்வேயும் அவர் மனைவி ஹாட்லியும் பாரிஸை அடைந்தனர். கார்டினல் லெமுவான் வீதியில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடி அவர்களுக்கு வீடாயிற்று. குழாய்நீர் இல்லை; கழிவறையோ மாடிப்படித் திருப்பத்தில். அங்கிருந்து கிளம்பித்தான் இருவரும் குதிரைப் பந்தயத் திடலுக்கும் கோப்பிக் கடைகளுக்கும் ஆல்ப்ஸ் மலைச் சரிவுகளுக்கும் செல்கின்றனர். சிப்பியின் உவர்ச்சுவையையும் அதன்பின் அருந்தும் வெண்மதுவின் குளிர்ச்சியையும் எழுதுமிடத்திலும், லிப் என்னும் பியர்ச்சாலையில் எண்ணெயூற்றிய உருளைக்கிழங்கையும் கடுகுச்சாந்து பூசிய இறைச்சியையும் பாணால் துடைத்துண்ணும் காட்சியிலும், சொல்லொன்று மிகையில்லை. அடைமொழிகள் தம் எல்லையறிந்து நிற்கின்றன. எழுதக் கற்கும் எவரும் அப்பக்கங்களைப் படித்தல் நன்று.

எனினும் நூலின் பொருள் உணவு மட்டுமன்று; பசியும் அதன் பொருளே. பத்திரிகைத் தொழிலைக் கைவிட்டு, எவரும் விலைகொடுத்து வாங்காத கதைகளை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், யாரோ நண்பருடன் உண்ணப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு லுக்சம்பேர்க் பூங்காவிலே சுற்றித் திரிந்ததை அவர் விவரிக்கிறார். வெறும் வயிற்றோடு பார்க்கும்போது செஸானின் ஓவியங்கள் துலக்கமாய் விளங்கின என்கிறார். பிறிதோரிடத்தில், பந்தயத்தில் வென்ற பணத்தோடு விலையுயர்ந்த உணவுச்சாலையில் தம்பதியர் உண்டு திரும்பிய இரவிலும் ஏதோவொரு பசி அவரை வருத்துகிறது. பசியிலே பலவகை உண்டென்று ஹாட்லி அதற்கு விளக்கம் கூறுகிறார். இவ்வாறு பசி மெல்ல மெல்ல வயிற்றை விட்டு நீங்கி, கலையின் ஒழுக்கமாகவும் இளமையின் குறியீடாகவும் உயர்ந்துவிடுகிறது. எம் மாணவருக்கு இனித்தது இந்தப் பசியே.

இப்பசியின் பொருளியல் யாது? நூலில் இதற்கு நேரிய விடை இல்லை. ஆனால் அதே ஹெமிங்வே, இருபத்திரண்டு வயது நிருபராக 1922 பெப்ருவரியில் 'ரொறன்ரோ ஸ்ரார்' வார இதழுக்கு எழுதிய கட்டுரையொன்று விடையைத் திறந்து காட்டுகிறது. ஆண்டுக்கு ஆயிரம் டொலரில் பாரிஸில் சுகமாய் வாழலாம் என்பதே அக்கட்டுரையின் செய்தி. ஓர் அமெரிக்க டொலருக்குப் பன்னிரண்டரை பிராங்க் கிடைத்த நாட்கள் அவை. பாரிஸைத் திறக்கும் சாவி டொலரே என்று அவர் ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகிறார். ஹாட்லிக்குக் குடும்பவழி வந்த நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 டொலர் கிடைத்து வந்தது. வீட்டு வாடகை மாதம் 250 பிராங்க். கணக்கிட்டுப் பார்ப்பவருக்கு உண்மை விளங்கும். நியாயமாகச் சொல்வதானால், பின்னர் அந்நிதியின் ஒரு பகுதி தவறான நிர்வாகத்தால் கரைந்தது, முதற்குழந்தையும் பிறந்தது, சில மாதங்கள் உண்மையாகவே நெருக்கடியாயிருந்தன. ஆயினும், பத்திரிகைத் தொழிலை விடலாமா என்று எண்ணிப் பார்க்க முடிந்தவரின் பசிக்கும், எண்ணிப் பார்க்க எதுவுமில்லாதவரின் பசிக்கும் ஒரே பெயர் வைப்பது முறையாகாது.

இனி, இந்த விசாரணையின் மையத்துக்கு வருவோம். 1922 கோடையில் தம்பதியர் கிழக்கு நோக்கிப் பயணமாயினர். ஸ்ராஸ்பேர்க் நகரிலிருந்து ரைன் ஆற்றைக் கடந்தால் ஜேர்மனியின் கேல் என்னும் சிற்றூர். அங்கு கழித்த ஒரு நாளைப் பற்றி ஹெமிங்வே அனுப்பிய செய்தி அவ்வாண்டு செப்டெம்பரில் 'ரொறன்ரோ ஸ்ரார்' நாளிதழில் வெளிவந்தது. 10 பிராங்க் கொடுத்து 670 மார்க் பெற்றார்கள். கனடியக் கணக்கில் அது ஏறத்தாழ 90 சதம். தாராளமாகச் செலவிட்டும் மாலையில் 120 மார்க் எஞ்சிற்று. அவ்வூரின் மிகச் சிறந்த ஹோட்டலில் ஐந்து வகைப் பரிமாறலுடன் கூடிய மதியவுணவின் விலையும் அதே 120 மார்க்தான். அதாவது 15 சதம்! அதே உணவை ஆற்றுக்கு அக்கரையில் ஒரு டொலர் கொடுத்தாலும் பெற முடியாதென்று நிருபர் குறித்துள்ளார்.

இவ்விடத்திலே நின்றிருந்தால் இதுவும் மலிவுச் சாப்பாட்டைப் பாடும் இன்னொரு பயணக் குறிப்பாகவே முடிந்திருக்கும். ஆனால் இளம் நிருபர் நிற்கவில்லை. தெருவிலே பழம் விற்கும் கிழவியிடம் தம்பதியர் ஐந்து நல்ல அப்பிள்களைத் தெரிந்தெடுத்து, 50 மார்க் தாளைக் கொடுத்து 38 மார்க் மீதி பெறுகின்றனர். அதைப் பார்த்து நின்ற வெண்தாடி முதியவர் ஒருவர், தொப்பியை உயர்த்தி வணங்கி, சற்றுக் கூச்சத்தோடு விலையைக் கேட்கிறார். பன்னிரண்டு மார்க் என்றதும் புன்னகைத்துத் தலையசைக்கிறார்; அவ்விலை தமக்குக் கட்டாது என்கிறார். பழங்களை ஏக்கத்தோடு நோக்கிவிட்டுத் தெருவழியே போய்விடுகிறார். அந்தப் பன்னிரண்டு மார்க் இரண்டு சதத்துக்கும் குறைவு. வாழ்நாட் சேமிப்பை அரசாங்கக் கடன்பத்திரங்களில் இட்டு வைத்த மனிதர் அவராயிருக்கலாமென்றும், நாணயம் வீழ வீழ இத்தகையோரின் வருமானம் மட்டும் உயர்வதில்லையென்றும் நிருபர் விளக்குகிறார். அவருக்குச் சில பழங்களைக் கொடுத்திருக்கலாமே என்று தமக்கே நொந்துகொள்கிறார்.

அதன்பின் வருவது கேக் கடைக் காட்சி. மலிவுப் பொருள்களை வாங்கிக் கொண்டு போகச் சுங்கத்தார் விடமாட்டார்கள். ஆனால் வயிற்றுக்குள் போனதைச் சுங்கத்தார் சோதிப்பதில்லை. ஆகவே ஸ்ராஸ்பேர்க் இளைஞர் கூட்டங்கூட்டமாய் ஆற்றைக் கடந்து வந்து, பிற்பகல் தோறும் கேல் ஊரின் கேக் கடைகளை முற்றுகையிட்டு வயிறு புடைக்க உண்கின்றனர். கையிருப்பெல்லாம் விற்றுத் தீர்ந்தும் கடைக்காரர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அவர்கள் சுட்டெடுக்கும் வேகத்தை விஞ்சி மார்க் வீழ்ந்துகொண்டிருந்தது.

இதனைப் படித்தபோது 2022ஆம் ஆண்டு எம் நினைவுக்கு வந்தது இயல்பே. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. மாதச் சம்பளக்காரரும் ஓய்வூதியரும் சந்தையில் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பியதை நாம் கண்டோம். நாமும் அவ்வாறு திரும்பியதுண்டு. அந்த வெண்தாடி முதியவரை விளங்கிக்கொள்ள எமக்கு அடிக்குறிப்பு எதுவும் வேண்டியதில்லை.

ஹெமிங்வே தம் முதுமையில் எழுதிய நூலில் அம்முதியவர் இல்லை. நாணயமாற்று முற்றாக மறைந்துவிட்டதென்றும் கூற முடியாது. நூலின் இறுதிப் பகுதியில் அது ஒருமுறை தலைகாட்டுகிறது. ஒஸ்திரியாவின் ஷ்ரூன்ஸ் என்னும் மலைக் கிராமத்திலே, குழந்தையோடு மூவரும் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு டொலரில் தங்கியுண்டதையும், பணவீக்கத்தில் ஷில்லிங் இறங்க இறங்க அறையும் உணவும் மலிந்து சென்றதையும் அவர் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். ஜேர்மனியிற் போன்ற கொடிய வறுமை அங்கில்லை என்று ஆறுதலும் சேர்த்துக்கொள்கிறார். ஆனால் வரலாறு வேறு. ஒஸ்திரியாவின் பழைய நாணயமான குரோன் 1922இலேயே சர்வதேச சங்கத்தின் கடனுதவி ஏற்பாட்டோடு நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. 1925இல் 10,000 குரோனுக்கு ஒன்றாகப் புழக்கத்துக்கு வந்த ஷில்லிங், 'ஆல்ப்ஸ் டொலர்' என அழைக்கப்படுமளவுக்கு உறுதியாய் நின்ற நாணயம். அக்குளிர்காலங்களில் இறங்கிக்கொண்டிருந்தது பிரெஞ்சு பிராங்க். முப்பதாண்டுகளுக்குப் பின் எழுதுபவருக்கு நினைவு பிசகுதல் குற்றமன்று. ஆயினும் பிசகிய திசையை நோக்குக: விருந்தினருக்கு எல்லாம் நாளுக்கு நாள் மலிந்த ஓர் இனிய காலம் மட்டும் எஞ்சியிருக்கிறது, அந்த மலிவுக்கு விலைகொடுத்தவர் எவரும் நினைவில் எஞ்சவில்லை.

இதற்கு ஹெமிங்வேயின் அபிமானிகள் கூறக்கூடிய விடையை நாம் அறிவோம். சொல்லாமல் விடுவதே அவரது கலைக் கோட்பாடு. பனிப்பாறையின் எட்டிலொரு பங்கே நீருக்கு மேலே தெரியும் என்று 1932இல் அவரே எழுதியுள்ளார். பாரிஸ் நூலிலும், பசியைப் பற்றிய அதே அத்தியாயத்திலேயே, இக்கோட்பாட்டுக்கு உதாரணமொன்று தருகிறார்: வெளிநாட்டுத் தம்பதியருக்கு மீன்பிடிக்க வழிகாட்டும் முதியவரொருவரைப் பற்றிய தம் ஆரம்பகாலக் கதையில், அம்முதியவர் தூக்கிட்டு மாண்டதைத் தாம் வேண்டுமென்றே விட்டுவிட்டதாகக் கூறுகிறார். விடப்பட்டது கதைக்கு வலுவூட்டும் என்பது அவர் கருத்து. அக்கதையைப் பொறுத்தவரை நாமும் உடன்படுவோம். சொல்லப்படாத மரணத்தின் கனம் கதையின் ஒவ்வொரு வரியிலும் உணரப்படுகிறது. ஆனால் கேல் முதியவர் விடப்பட்டதால் பாரிஸ் நூலின் விருந்துகளில் எந்தக் கனம் கூடிற்று? சிப்பியின் சுவையில் ஒரு துளி கசப்பேனும் கலந்ததா? நீருக்கு அடியில் பாறை இருந்தாலன்றோ மேலே தெரியும் பகுதி நிமிர்ந்து நிற்கும்!

நூல் முழுவதும் இப்படியே என்று கூறின் அநீதி செய்தவராவோம். குளோஸரி தெ லீலா என்னும் கோப்பிக் கடையின் பரிசாரகர் ஜான் பற்றிய அத்தியாயம் தனியே நிற்கிறது. போரிலே வீரப் பதக்கம் பெற்ற குதிரைப்படையாளர் அவர். கடையின் புதிய முகாமையோர் அமெரிக்க வாடிக்கையாளரைக் கவர விரும்பி, பரிசாரகரெல்லாம் மீசையை மழித்து வெள்ளைச் சட்டை அணிய வேண்டுமெனக் கட்டளையிடுகின்றனர். மீசையை இழக்கப் போகும் ஜான், முதலாளியின் விஸ்கியை அளவுக்கு மீறி ஊற்றிக் கொடுத்துப் பழி தீர்க்கிறார்! மேசையின் மறுபக்கத்தில் நிற்பவரும் மானமுடைய மனிதரென்பதை ஹெமிங்வே அறிந்தேயிருந்தார் என்பதற்கு இவ்வத்தியாயம் சான்று. அறிந்தவர் மறந்தமையே எம்மை வருத்துகிறது. சமையலறைக் கதவுக்கு அப்பால் என்ன நிகழ்ந்தது என்பதை அறிய வேண்டின், அதே நகரில் 1929இல் ஹோட்டலொன்றின் அடித்தளத்தில் பாத்திரம் கழுவிய ஜோர்ஜ் ஓர்வெல் 1933இல் வெளியிட்ட நூலைத்தான் நாடவேண்டியிருக்கிறது. அது தனியாக ஆராயத்தக்கது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1964ஆம் ஆண்டுப் பதிப்பின் முடிவில், தம் முதல் மணவாழ்வு சிதைந்ததற்குச் செல்வர் கூட்டத்தின் வருகையே காரணமென ஹெமிங்வே குற்றஞ்சாட்டுகிறார். அப்பதிப்பை ஒழுங்குசெய்தவர் அவரது நான்காம் மனைவி மேரி. 2009இல் பேரர் ஷோன் வெளியிட்ட திருத்திய பதிப்பில் ஆசிரியர் தம் பங்கையும் ஒப்புக்கொள்ளும் பகுதிகள் இடம்பெற்றன. செல்வரைச் சாடுவதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் கேல் ஊரின் தெருவிலே, அந்த முதியவரின் கண்களில், 90 சதத்தோடு வந்து நின்ற இவ்விளந் தம்பதியர் யார்? அவர்களும் செல்வரே. இருபத்திமூன்றாம் வயதில் ஹெமிங்வே அதனை உணர்ந்து வெட்கினார்.

கேல் கட்டுரை, அவரது பத்திரிகை எழுத்துகளின் தொகுப்பாக 1967இல் வெளிவந்த நூலிலே கிடைக்கிறது. அதனைப் பிரதியெடுத்து எம் மாணவரிடம் கொடுத்தோம். மறுநாள் அவர் முதியவரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பழம் விற்ற கிழவி அந்தப் பன்னிரண்டு மார்க்கைக் கொண்டு அடுத்த வாரம் எத்தனை அப்பிள் வாங்கியிருப்பாள் என்று கேட்டார். 1923 நவம்பரில் ஒரு டொலருக்கு 4,20,000 கோடி மார்க் என்று கரும்பலகையில் எழுதினோம். பூச்சியங்களை எண்ணிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.