கரையத் தெரிந்த மண்

கிண்டியில், அண்ணா சாலையை ஒட்டி, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது. விநாயகர் சதுர்த்தி நெருங்கும்போது ஆண்டுதோறும் அங்கிருந்து ஓர் அறிவிப்பு வரும். சிலைகள் களிமண்ணால் ஆனவையாக இருக்க வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தெர்மாகோல், ரசாயன வண்ணம் எதுவும் கூடாது. குறித்த இடங்களில்தான் கரைக்க வேண்டும். செய்தித்தாளின் உள்பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் அதை ஒரு ரசனைக் குறிப்பாகவே படிக்கிறேன். அந்த விதிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால், நடைபாதையில் சாக்கு விரித்து உட்கார்ந்து அச்சில் மண்ணை அழுத்திக்கொண்டிருக்கும் மனிதர் காலங்காலமாகச் செய்துவருவதன் வர்ணனை அது. அரசாணைக்கும் முன்னால், அவர் கையில் அது கலையாக இருந்திருக்கிறது.

அந்தக் கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சதுர்த்திக்கு முந்தைய நாள் சைதாப்பேட்டைக் கடைத்தெருவிலோ, மயிலாப்பூர் மாடவீதியிலோ கூட்டத்துக்கு நடுவே அதைப் பார்க்கலாம். பக்கத்தில் ஈரத்துணி போர்த்திய களிமண் குவியல். இரண்டு பாதியாகப் பிரியும் அச்சு. உள்ளே சாம்பலோ உலர்ந்த மண்பொடியோ தூவி, ஒரு கை மண்ணை எடுத்து, முதலில் தும்பிக்கை விழும் பள்ளத்தில் கட்டைவிரலால் அழுத்துகிறார். அங்கே காற்று தங்கினால் முகமே போய்விடும். பிறகு தொந்தி, பிறகு மடித்த கால். இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டிப் பிரித்தால், பிள்ளையார் வழுவழுவென்று கறுப்பாக வந்து உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய விளிம்பு ஓடும். அதை ஈர விரலால் நீவி மறைப்பவரும் உண்டு, அப்படியே விட்டுவிடுபவரும் உண்டு. எனக்கு விட்டுவிட்ட சிலைதான் பிடிக்கும். எப்படிப் பிறந்தது என்பதை அது தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது.

கடைசியாகக் கண். இரண்டு குன்றிமணியை எடுத்துக் கறுப்புப் புள்ளி முன்னால் பார்க்கும்படி பதிக்கிறார். சிவப்பு விழி, நடுவில் கருமணி. வண்ணமும் தூரிகையும் இல்லாமல் ஒரு விதை மட்டும் முகத்துக்கு உயிர் கொடுத்துவிடுகிறது. சிற்பக் கலையில் இவ்வளவு சிக்கனமான முடிவை நான் அதிகம் பார்த்ததில்லை. மேலே எருக்கம்பூ மாலை, அருகம்புல், ஈர்க்குச்சியில் ஒட்டிய வண்ணக் காகிதக் குடை. வீட்டிலிருந்து மணை கொண்டுவருபவர்களுக்கு அந்த மணைமேலேயே வைத்துத் தருவார். இரண்டு மூன்று நாளில் கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமாகும். தோள் ஓரத்தில் நூல் போல ஒரு வெடிப்பு விழும். அதற்குள் கிணற்றுக்கோ குளத்துக்கோ போகும் நேரம் வந்துவிடும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலையை ஏன் தடுக்கிறார்கள் என்பது எளிய வேதியியல். ஜிப்சம் என்ற கல்லைச் சுட்டு, அதிலுள்ள நீரை ஓட்டிப் பொடியாக்குகிறார்கள். அந்தப் பொடியில் நீரைச் சேர்த்ததும் அது மறுபடி ஜிப்சமாக இறுகிவிடுகிறது. அதாவது, நாம் கடலில் போடுவது கல். சில மணி நேரத்தில் களிமண் பிரிந்து சேறாகும். இதுவோ மாதக்கணக்கில் கையும் தும்பிக்கையும் உடைந்து அலையடிக்கும் இடத்தில் கிடக்கும். மேலே பூசிய பெயின்டில் இருக்கும் உலோகங்கள் மீன் இருக்கும் நீருக்குள் இறங்கும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை 2020 மே மாதம் திருத்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை முற்றாக விலக்கியது. 2023இல் திருநெல்வேலியில் அப்படிப்பட்ட சிலைகளை விற்பது தொடர்பான வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. தடையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

சட்டம் சொல்வதோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பிளாஸ்டர் சிலை பார்ப்பதற்கும் நன்றாக இல்லை. பளபளக்கும் ரோஜா நிறக் கன்னம், தங்க ஜரிகை, எல்லா ஊரிலும் ஒரே புன்னகை. அது எந்த மண்ணிலிருந்தும் வரவில்லை என்பது அதன் முகத்தில் தெரிகிறது.

கரையத் தெரிந்த சிற்பத்தின் பெரிய வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே போக வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமணசமுத்திரம். அங்கே ஐயனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் மண்குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் இளங்குடிப்பட்டியிலும் அப்படித்தான். முன்வரிசையில் அண்மையில் வந்தவை, செம்மை மாறாதவை. அதற்குப் பின்னால் காது போனவை, பாசி படிந்தவை. இன்னும் பின்னால் கழுத்து விழுந்து, வயிற்றுக்குள் செடி முளைத்து நிற்பவை. கடைசியில் வெறும் கால்கள், பிறகு ஓட்டுச் சில்லுகள், பிறகு தரை. பழையதை யாரும் அப்புறப்படுத்துவதில்லை, ஒட்டுப்போடுவதுமில்லை. ஒரு கலைப்பொருளின் முழு ஆயுளையும் ஒரே பார்வையில் காட்டும் இப்படியொரு இடம் எந்த அருங்காட்சியகத்திலும் கிடையாது.

இந்தக் குதிரைகளைச் செய்பவர்கள் வேளார்கள் எனப்படும் குயவர்கள். பல கோயில்களில் அவர்களே பூசாரிகளும். செய்கிறவரே உயிர் கொடுக்கிறவர், அவரே பூசை செய்கிறவர். குதிரைகளைக் கோயிலுக்குக் கொண்டுபோகும் புரவியெடுப்புத் திருவிழா ஊர்கூடி நாள் குறித்தபின் பிடிமண்ணில் தொடங்குகிறது. ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து, முன்பணத்தோடும் மரியாதையோடும் வேளார் கையில் கொடுக்கிறார்கள். அந்தப் பிடி மண் கண்மாயிலிருந்து வெட்டி வந்த களிமண்ணோடு சேர்கிறது. ஊரின் நேர்த்திக்கடனும் ஊரின் மண்ணும் அங்கேயே கலந்துவிடுகின்றன. மழை பெய்ய, பிள்ளை பிறக்க, காலில் வந்த நோய் போக என்று தனித்தனியே வேண்டிக்கொண்டவர்களின் சின்ன உருவங்களும் இந்தப் பெரிய குதிரைகளோடு சேர்ந்து சூளைக்குப் போகும்.

வேலையின் நுட்பம் மண்ணைப் பிசையும்போதே தொடங்கிவிடுகிறது. களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துக் காலால் மிதிக்கிறார்கள். முதலில் எழுவது நான்கு கால்கள். உள்ளே பொள்ளலான தூண்கள். வெளியே தட்டுப்பலகையும் உள்ளே ஒரு கல்லுமாக வைத்துத் தட்டித் தட்டிச் சுவரை இறுக்குகிறார்கள். கால்மேல் வயிறு, வயிற்றின்மேல் கழுத்து, கழுத்தின்மேல் தலை. நேற்று செய்த பகுதி இன்று வரும் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். புது மண்ணோடு ஒட்டாத அளவுக்குக் காய்ந்தும் போகக்கூடாது. அந்த இடைப்பட்ட பதத்தை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. விரல்நுனியால் தொட்டுப் பார்த்து, ‘இன்னும் ஒரு பொழுது போகட்டும்’ என்று விட்டுவிடுவார்கள்.

உமிக்கு இதில் ஒரு பெரிய வேலை இருக்கிறது. இந்தக் கலையின் ரகசியமே அதில்தான் இருப்பதாக நினைக்கிறேன். வைக்கோலும் வறட்டியும் சுள்ளியும் அடுக்கி, மேலே மண் மெழுகித் தீ வைக்கும்போது, கனத்த சுவருக்குள் தங்கிய ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் குதிரை வெடித்துவிடும். சுவருக்குள் இருக்கும் உமி எரிந்து, எரிந்த இடமெல்லாம் நுண்ணிய துளையாகி, ஆவிக்கு வழி விடுகிறது. அந்தத் துளைகளால் உருவத்தின் எடையும் குறைகிறது. இளைஞர்கள் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோக முடிகிறது. அதே துளைகள் வழியாகத்தான் பின்னாளில் மழைநீர் உள்ளே போகிறது, வேர் நுழைகிறது, குதிரை உதிர்கிறது. தீயிலிருந்து காப்பாற்றியதும் பிறகு மண்ணோடு சேர்ப்பதும் ஒரே உமி. நெல் குத்திய மிச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு சிற்பி பிறப்பையும் முடிவையும் சேர்த்தே திட்டமிட்டிருக்கிறார். வெளிநாட்டுக் கலைக்கூடங்களில் இன்று ‘நிலைத்த தன்மை’ என்று பேசப்படும் எதிலும் இவ்வளவு கச்சிதமான யோசனையை நான் கண்டதில்லை.

சுட்ட மண் பச்சை மண்ணைப் போலக் கரையாது என்பது உண்மைதான். ஆதிச்சநல்லூர்த் தாழிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கிறோம். கீழடியில் ஓட்டுச் சில்லை வைத்தே காலம் பேசுகிறோம். ஆனால் சில்லாகிப்போன குதிரை எந்த நீரையும் கெடுப்பதில்லை, எந்த உயிரின் வயிற்றிலும் போய் அடைப்பதில்லை. சதுர்த்திப் பிள்ளையார் ஒரு மாலைப் பொழுதில் போகிறார். ஐயனார் குதிரை இரண்டு தலைமுறை எடுத்துக்கொள்கிறது. போகும் விதத்தில்தான் வேறுபாடு.

உருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐயனார் குதிரை ஓடாது. நான்கு காலும் தூண்போல ஊன்றி நிற்கும். காது விறைத்திருக்கும், கண் பிதுங்கும், உதடு விலகிப் பல் முழுதும் தெரியும், மார்பில் ஒரு யாளி முகம், கழுத்தில் சலங்கை வரிசை. அசைவே இல்லாத உடம்பில் வேகம் முழுவதும் முகத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. சவாரிக்குப் புறப்படும் முந்தைய நொடி அது. இரவில் ஊர்க்காவல் போகும் ஐயனாரின் குதிரை வேறெப்படி இருக்க முடியும்? அளவுகோலை வைத்துக் கால் குட்டை, தலை பெரிது என்று குறை சொல்பவர்கள் இந்த முகத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். பல ஊர்களில் இப்போது சிமென்டில் குதிரை கட்டிப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். நீண்ட நாள் நிற்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். நிற்கும், ஆனால் அடுத்த புரவியெடுப்புக்கு யாரும் வேளாரிடம் பிடிமண் கொடுக்க வேண்டியிருக்காது. ஒரு சிமென்டுக் குதிரை வந்தால் ஒரு தலைமுறைக் கை சும்மா இருந்துவிடும்.

மதுரைப் பக்கத்து வேளார்களிடையே ஆய்வு செய்த கனடா நாட்டு மானிடவியலாளர் ஸ்டீபன் இங்லிஸ் இதைச் சரியாகக் கண்டுகொண்டார். உருவம் அழிவதால்தான் கலைஞர் தேவைப்படுகிறார். திரும்பத் திரும்பச் செய்வதில்தான் கலை வாழ்கிறது. கல்லில் செதுக்கியவனின் ஊர் அவனை மறந்துவிடலாம். மண்ணில் செய்பவரை ஊர் மறக்க முடியாது; திருவிழா தோறும் அவர் வீட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும்.

இந்த மரபிலிருந்து தனிச் சிற்பியாக எழுந்தவர்களும் உண்டு. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் வி.கே. முனுசாமி குயவர் குடும்பத்தில் வந்தவர். சுடுமண் சிற்பத்துக்காக 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. விரல் அளவுப் பொம்மையின் நகையைக்கூட ஊசிமுனைச் சுத்தமாகக் காட்டும் பள்ளி அது. அந்த நுணுக்கத்தைவிட, தன் தொழிலைத் தன் வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கற்றுக்கொடுத்து வருவதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு அதிகம். சாதிக்குள் அடைபட்டிருந்த ஒரு கை அப்படித்தான் வெளியே வருகிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஏரி. கண்மாய் உயிரோடு இருந்தால்தான் களிமண் கிடைக்கும். களிமண் வெட்டினால்தான் கண்மாய் ஆழமாகும், நீர் தங்கும். குயவர் வெட்டியது ஒருவகையில் தூர்வாரலாகவும் இருந்தது. சென்னை அந்த உறவை முறித்த ஊர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டு கிடந்த மாம்பலம் நெடிய ஏரியின்மேல்தான் 1920களில் தியாகராய நகர் எழுந்தது. வேளச்சேரி ஏரி சுருங்கிக் கிடக்கிறது. எனவே சைதாப்பேட்டையில் அச்சுக்குள் போகும் மண் வெளியூர் ஏரியிலிருந்து லாரியில் வருகிறது, அதற்கும் ஒரு விலை வைத்து. 2024 ஜூலையில் தமிழக அரசு, ஏரி கண்மாய்களில் வண்டலும் களிமண்ணும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள உழவர்களுக்கும் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கும் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் ஏற்பாட்டைச் செய்தது. முன்பு இதற்கு மாவட்டத் தலைநகரத்துக்கு அலைய வேண்டியிருந்தது. சூளை எரியாத மழைக்காலத்துக்கு மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணமும் உண்டு. தொகை போதாது என்பது என் எண்ணம். மண்ணெடுக்கும் உரிமைதான் பெரிய உதவி.

புதுக்கோட்டைவரை போக முடியாதவர்கள் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குப் போகலாம். அங்கே ஐயனார் கோயிலும் மண்குதிரைகளும் இருக்கின்றன. பக்கத்தில் நின்று சலங்கையையும் யாளி முகத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். சதுர்த்திக்குப் பிள்ளையார் வாங்குபவர்கள் வண்ணம் பூசாததைக் கேளுங்கள். கேட்பவர்கள் குறைந்ததால்தான் பின்வரிசையில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் மணை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்; அச்சிலிருந்து பிரித்த ஈரத்தோடு அதன்மேல் வைத்துத் தருவார். கண் பதிக்கும்வரை நின்று பாருங்கள். விலையைக் குறைக்கச் சொல்ல வேண்டாம். லாரி மண்ணுக்கு அவர் கொடுத்த பணமும் அதில் இருக்கிறது.