சாபம் போய் ஜீன் வந்தது!

பெண் கேட்டுப் பீர்க்கன்கரணைக்கு வருகிறார்கள். பெண் படித்தவள், பண்பானவள், எல்லாம் பொருந்துகிறது. "அண்ணனுக்குப் புத்தி சரியில்லையாமே, பரம்பரையாமே!" என்று எவரோ காதோடு ஓதுகிறார். வந்தவர்கள் எழுந்துவிடுகிறார்கள். அன்று இதற்குச் சாபம் என்று பெயர். இன்று ஜீன் என்று பெயர். சாபமென்று நம்பிய காலத்தின் கணக்கு என்ன? 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர்!

ஜீன் என்போர் அதையேனும் அறிந்து பேசுகிறார்களா? 2019இல் 'ஜாமா சைக்கியாட்ரி' ஏட்டில் வெளிவந்த கட்டுரையைப் பாருங்கள். சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனத்தாரும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தாரும் இணைந்து செய்த ஆய்வு. மனச்சிதைவுற்றோர், அவர்தம் உறவினர், பிறர் என 3,092 இந்தியரின் மரபணுக்களை ஒப்பிட்டனர். எட்டாவது குரோமோசோமில் ஓரிடம் தனித்துத் தெரிந்தது. நியாசின் என்னும் வைட்டமினை உடல் பயன்படுத்துவதில் பங்குகொள்ளும் மரபணு அங்கே இருக்கிறது. அவ்விடத்து வேறுபாடு நோய்க்கான வாய்ப்பைச் சற்றே உயர்த்துகிறது. சற்றே! (உடனே நியாசின் மாத்திரை விற்கக் கிளம்புவோருக்கு ஒரு சொல்: ஆராய்ச்சிக் குறிப்பு மருந்துச் சீட்டு ஆகாது.)

கட்டுரையின் பெருமை, நம் மக்களின் குருதியில் தேடியது. 2022இல் 'நேச்சர்' ஏட்டில் வந்த உலக ஆய்வு 76,755 நோயாளிகளைக் கொண்டு 287 இடங்களைக் காட்டிற்று. ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் ஐரோப்பிய வழியினர். அங்கே கண்ட கணக்கை இங்கே அப்படியே பொருத்த இயலாது. கட்டுரையின் குறையும் அதிலேயே தெரிகிறது. இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் சிதறிக்கிடக்கும் சிறுசிறு வேறுபாடுகளைக் கண்டறிய 3,092 பேர் போதுமா? பன்மடங்கு வேண்டும்.

இருநூற்றெண்பத்தேழு இடங்கள், தோழர்களே! அவற்றுள் சில உங்களிடமும் உண்டு, என்னிடமும் உண்டு, காதோடு ஓதினவரிடமும் உண்டு. ஒரே கருவில் பிரிந்த இரட்டையருள் ஒருவருக்கு நோய் வந்தாலும், பாதிக்கும் மேற்பட்ட இணைகளில் மற்றவர் அந்நோயின்றியே வாழ்கிறார். தாய் தந்தையருள் ஒருவருக்கு நோயிருந்தால், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேருக்கே வருகிறது. நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோரின் பெற்றோருக்கோ அந்நோயே இருந்ததில்லை. இதில் 'குலப்பழி' எங்கே இருக்கிறது?

கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது. குருதி கொடுத்தோரின் வீட்டு வாயிலில் 'பரம்பரையாமே' என்ற பேச்சு மட்டும் நல்ல தமிழில் நடமாடுகிறது.