பஸ்ஸும் பிளாஸ்டிக் கேனும்

போலந்துக்காரரான ரிஷார்ட் கபுஷ்சின்ஸ்கியின் ‘ஹெபன்’ (கருங்காலி, 1998), ஆப்பிரிக்கா என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அக்கண்டம் அடங்காது என்ற எச்சரிக்கையோடு தொடங்குகிறது. சில பக்கங்களுக்குள்ளேயே எச்சரிக்கை மறந்துபோகிறது. கானாவில், ஆள் நிரம்பினால்தான் பஸ் புறப்படும். இதை வைத்து ‘ஆப்பிரிக்கனின்’ காலப்பிரக்ஞை பற்றி ஒரு தத்துவம்! பாதி காலியாக ஓட்டினால் கட்டுப்படியாகுமா என்ற பஸ்காரன் கணக்கு அவருக்குத் தோன்றவில்லை.

இதே மனிதர்தான் பிளாஸ்டிக் கேனையும் பார்க்கிறார். கனத்த மண்பானையைத் தாய்தான் சுமக்க முடியும். கேன் லேசு, சிறிய அளவிலும் கிடைக்கும், ஆகவே குழந்தை தண்ணீருக்குப் போகிறது. கேனை வரிசையில் வைத்துவிட்டு நிழலில் உட்காரலாம். இங்கே தத்துவம் இல்லை, கண் இருக்கிறது. ஒரு வீட்டின் வேலைப் பங்கீடே மாறியது தெரிகிறது. 1958இலிருந்து பல பயணங்கள் போய்வந்தவரிடம் நான் எதிர்பார்ப்பது இந்தக் கேன்களைத்தான்.