ஜாக்சைட்: தட்டினால் தாவும், ஆனால் எங்கே?

டெர்மினலிலேயே பொழுதைக் கழிக்கிறவர்களிடம், நீங்கள் அதிகம் தட்டுகிற கமாண்ட் எது என்று கேட்டால் முதல் மூன்றுக்குள் 'சிடி' வந்துவிடும். ஒரு டைரக்டரியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது. அதை வேலை என்றுகூடச் சொல்ல முடியாது, வேலைக்குப் போகிற வழி. அந்த வழியைச் சுருக்க வந்த கருவிகளில் இப்போது அதிகம் பேசப்படுவது ஜாக்சைட். அஜீத் டிசோசா ரஸ்ட் மொழியில் எழுதியது, 2020-இல் வெளிவந்தது.

இதை எப்படி நிறுவுவது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். புகழ்ந்து எழுதவும் குறைவில்லை. நான் பார்க்க நினைத்தது வேறு. இந்தக் கருவி எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, எதை மறக்கிறது, அந்த நினைவை நம்பி நம்மை ஓர் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போவது சரியா என்பதுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 'இசட் கணக்கு' என்று தட்டினால் போதும், ஐந்தாறு அடுக்குக்குக் கீழே கிடக்கிற கணக்கு என்ற டைரக்டரிக்குப் போய்விடலாம். வேகம் பிரமாதம். பேஷ், இசட்எஸ்எச், ஃபிஷ், பவர்ஷெல் என்று எந்த ஷெல்லிலும் ஒரே மாதிரி ஓடுகிறது. ஆட்டோஜம்ப் மாதிரியான பழைய கருவிகளிலிருந்து உங்கள் தரவை எடுத்துக்கொள்ளவும் தெரியும். சும்மா சொல்லக்கூடாது, சுத்தமான வேலை.

உள்ளே நடப்பது எளிமையானது. நீங்கள் டைரக்டரி மாறும்போதெல்லாம் ஷெல் அதை ஜாக்சைட்டிடம் சொல்கிறது. போன இடத்துக்கு ஒரு மதிப்பெண் கூடுகிறது, போன நேரமும் பதிவாகிறது. பிறகு நீங்கள் ஒரு சொல்லைத் தட்டும்போது, பாதையின் கடைசிப் பெயரில் அந்தச் சொல் வருகிற டைரக்டரிகளையெல்லாம் எடுத்து, மதிப்பெண்ணை நேரத்தால் திருத்துகிறது. கடைசியாகப் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை என்றால் மதிப்பெண் 4 மடங்கு. ஒரு நாளுக்குள் என்றால் 2 மடங்கு. ஒரு வாரத்துக்குள் என்றால் பாதி. அதற்கும் மேலே என்றால் கால் பங்கு. எது முதலில் வருகிறதோ அங்கே போய் நிற்பீர்கள்.

ஒரு சின்னக் கிளைக்கதை. ஜாக்சைட் என்கிற நிரலால் நேரடியாக உங்கள் டைரக்டரியை மாற்ற முடியாது. இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்வது மட்டும்தான் அதன் வேலை, மாறுவது ஷெல்லுக்குள் வைத்திருக்கிற ஒரு சிறு ஃபங்ஷன். இந்தத் தடை யூனிக்ஸின் குழந்தைப் பருவத்தைச் சேர்ந்தது. டென்னிஸ் ரிச்சி 1979-இல் எழுதிய யூனிக்ஸ் வரலாற்றுக் கட்டுரையில் வருகிறது. ஃபோர்க் என்ற வசதியைச் சேர்த்த பிறகு, அதுவரை நன்றாக ஓடிய டைரக்டரி மாற்றும் கமாண்ட் திடீரென்று வேலை செய்யாமல் போயிற்று. காரணம், கமாண்ட் இப்போது தனிப் பிராசஸாக ஓடி, தன்னுடைய டைரக்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு செத்துவிடுகிறது. ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதனால் அதை ஷெல்லுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள். ஐம்பது வருடமாகியும் அதே கதைதான்.

விஷயத்துக்கு வருவோம். 'எத்தனை முறை, எவ்வளவு சமீபத்தில்' என்ற இரண்டையும் கலந்த இந்த அளவுக்கு ஃப்ரீசென்சி என்று பெயர். நம் மொழியில் சொன்னால் அடிக்கடியும் அண்மையும் ஒட்டிய சொல். இது பரவலானது 2008-இல் வந்த ஃபயர்பாக்ஸ் 3-இன் முகவரிப் பட்டை மூலம். அங்கே நீங்கள் இரண்டு எழுத்து தட்டியதும் ஒரு பட்டியல் விழும். முதலில் இருப்பது வேண்டுமா, மூன்றாவது வேண்டுமா என்று கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுப்பீர்கள். அதற்குப் பின் வந்த 'இசட்' என்ற ஷெல் ஸ்கிரிப்ட் இந்த அளவை டெர்மினலுக்குக் கொண்டுவந்தது. மேலே சொன்ன 4, 2, பாதி, கால் கணக்கும் அதனுடையதுதான், ஜாக்சைட் அப்படியே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டபோது ஒன்று விட்டுப்போயிற்று: அந்தப் பட்டியல். உலாவியில் யோசனை சொன்ன அதே எண், இங்கே யாரையும் கேட்காமல் காரியத்தில் இறங்கிவிடுகிறது.

இதனால் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 'பணி' என்பதற்குக் கீழே ஒரு கணக்கு டைரக்டரி. மதிப்பெண் 40, கடைசியாகப் போனது முந்தாநாள். 'பழசு' என்பதற்குக் கீழே கணக்கு-2023 என்று இன்னொன்று. அதற்கு மதிப்பெண் 6, எதையோ பார்க்க இன்று காலை 10 மணிக்குப் போனீர்கள். 10.30-க்கு வேறு எங்கிருந்தோ 'இசட் கணக்கு' என்று தட்டுகிறீர்கள். பணிக்கு 40-இல் பாதி, 20. பழசுக்கு 6 நான்கு மடங்கு, 24. பழசுக்குப் போவீர்கள். அங்கே போனதால் அதன் மதிப்பெண் 7 ஆகிறது. 11.40-க்கு மறுபடி அதே கமாண்ட். இப்போது பழசுக்கு ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது, அதனால் 7 இரு மடங்கு, 14. பணி அதே 20. இந்தத் தடவை பணிக்குப் போவீர்கள். ஒரே கமாண்ட், எழுபது நிமிட இடைவெளி, இரண்டு வேறு இடங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தேடும்போது நீங்கள் இப்போது நிற்கிற டைரக்டரியை ஜாக்சைட் பட்டியலிலிருந்து விலக்கிவிடும். இருக்கிற இடத்துக்கே எதற்குப் போக வேண்டும் என்பது அதன் நியாயம். ஆனால் சரியான டைரக்டரியில் நின்றுகொண்டே, சந்தேகத்தில் ஒருமுறை கூடுதலாக 'இசட் கணக்கு' என்று தட்டினால், சரியான இடத்திலிருந்து கிளம்பி அடுத்த கணக்குக்குப் போய்விடுவீர்கள். சிடி-யில் முழுப் பாதையைக் கொடுத்துப் பத்துத் தடவை தட்டினாலும் அதே இடம்தான்.

இதெல்லாம் பொடி விஷயம், தவறான இடத்துக்குப் போனால் திரும்பி வந்தால் போச்சு என்பார்கள். போகிறது மட்டும் என்றால் சரி. ஆனால் ஷெல்லில் யாரும் சும்மா போவதில்லை, போய் எதையாவது செய்கிறார்கள். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு பையன் 'அங்கே போ, போனதும் உள்ளே இருப்பதையெல்லாம் அழி' என்பதை ஒரே வரியாக எழுதி வைத்திருந்தான். தினமும் காலையில் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி, ஹிஸ்டரியில் இருக்கிற அந்த வரியை ஓட்டுவான். ஒருநாள் ஊகம் மாறிவிட்டது. அழிந்தது வேறொரு குழுவின் சோதனை முடிவுகள். திரும்ப உருவாக்க அரை நாள். அவன் தட்டிய வரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஹிஸ்டரியில் இருக்கிற வரிக்கு நேற்று ஒரு பொருள், இன்று ஒரு பொருள் என்றால் அந்த ஹிஸ்டரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மறதி.

ஜாக்சைட் எல்லாவற்றையும் என்றென்றும் வைத்துக்கொள்ளாது. எல்லா மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 10,000-ஐத் தாண்டினால், மொத்தம் சுமார் 9,000-க்கு வரும்படி எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். குறைத்த பிறகு 1-க்குக் கீழே போனவற்றை நீக்கிவிடும். 10,000 என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய எண்தான், ஆனால் அதை மாற்றியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

ஒரு நாளைக்கு நூறு தடவை டைரக்டரி மாறுகிறவர் என்று வைத்துக்கொள்வோம். முதல் நூறு நாளில் வரம்பு நிரம்பும். அதன் பிறகு ஏறத்தாழப் பத்து நாளைக்கு ஒருமுறை இந்தக் கழிவு நடக்கும். ஒரே ஒருமுறை போன டைரக்டரியின் மதிப்பெண் 1. அதை 0.9-ஆல் பெருக்கினால் 1-க்குக் கீழே. அதாவது, முதல் கழிவிலேயே போய்விடும். நேற்றுத்தான் போனீர்கள் என்றாலும் போய்விடும், ஏனென்றால் நீக்கும்போது அண்மையைப் பார்ப்பதில்லை. இரண்டு முறை போனது ஏழாவது கழிவில் போகும், அதாவது எழுபது நாளில்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நமக்குப் பாதை மறந்துபோகிற டைரக்டரிகள் எவை? மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறக்கிற ஜிஎஸ்டி கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற செர்ட்டிஃபிகேட். எப்போதோ ஸ்கேன் செய்து எங்கேயோ போட்டுவைத்த பழைய புத்தகங்கள். ஜாக்சைட் மறப்பதும் துல்லியமாக இவற்றைத்தான். அது விடாமல் பிடித்து வைத்திருப்பது தினம் இருபது தடவை போகிற இடங்களை. அவை எங்கே இருக்கின்றன என்பது என் விரலுக்கே தெரியும். நான்கு எழுத்து மிச்சமாகிறது, சந்தோஷம். ஆனால் துணை தேவைப்படுகிற நேரத்தில் அதுவும் என்னைப் போலவே விழிக்கிறது.

லீவு முடிந்து வருகிற நாளையும் சொல்ல வேண்டும். தீபாவளியோடு சேர்த்துப் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தால், எல்லா டைரக்டரியும் ஒரு வாரம் தாண்டியவை, எல்லாவற்றுக்கும் கால் பங்கு. அண்மை என்ற பாதி அளவுகோல் காணாமல் போய், வெறும் எண்ணிக்கை மட்டும் நிற்கிறது. லீவுக்கு முன்னால் ஆரம்பித்த புது வேலையைவிட, ஆறு மாதம் முன்பு முடித்த பழைய வேலை முன்னால் வந்து நிற்கும். ஆட்டோஜம்ப் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கிறது. அங்கே எடை வர்க்கமூலக் கணக்கில்தான் வளரும், நூறு தடவை போன இடத்துக்கு ஒருமுறை போனதைவிடப் பத்து மடங்குதான் எடை. பழக்கத்தின் கொழுப்பு அவ்வளவு சீக்கிரம் ஏறாது. ஆனால் நேரம் என்ற கணக்கே அதில் கிடையாது, அது வேறு குறை.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நார்ட்டன் யுட்டிலிட்டீஸில் இருந்த என்சிடி நினைவிருக்கும். டாஸ் காலத்து ஆள். அது டிஸ்க் முழுவதையும் ஒருமுறை சுற்றி வந்து, டைரக்டரி மரத்தை ட்ரீஇன்ஃபோ என்ற கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். பெயரில் பாதியைச் சொன்னால் கொண்டுபோய் விடும். உங்கள் பழக்கம் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, ஆனால் நீங்கள் ஒருமுறைகூடக் கால் வைக்காத டைரக்டரியையும் அது கண்டுபிடிக்கும். இதே வழியில் எர்வின் வாட்டர்லேண்டர் எழுதிய டபிள்யூசிடி என்ற கருவி இருக்கிறது. ஒரே ஒரு பொருத்தம் இருந்தால் நேராகப் போகும், பல இருந்தால் பட்டியலைக் காட்டி எது என்று கேட்கும். பழைய கருவி, மரம் மாறினால் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்ல வேண்டும், அலுப்பான வேலைதான். ஆனாலும் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதில்லை.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'தொல்லியல்' என்பதில் இருக்கிற கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. பழைய மேக் டிஸ்க்குகள் பெயர்களைப் பிரித்து எழுதி வைக்கும் வழக்கம் உள்ளவை. அங்கிருந்து வந்த டைரக்டரிக்கு, உங்கள் விசைப்பலகையில் சேர்ந்த குறியாகத் தட்டினால் ஜாக்சைட் பொருத்தம் இல்லை என்று சொல்லிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தைப் பொருட்படுத்தாத கருவி, இதைச் சரிசெய்வதில்லை. என் வழி, ஒகர ஓகாரம் வராத துண்டைத் தட்டுவது: 'இசட் ல்லியல்'. பார்க்க அசிங்கம், ஆனால் போகிறது.

ஜாக்சைட்டில் பட்டியலே இல்லை என்று சொல்லவில்லை. 'இசட்ஐ' என்று தட்டினால் எஃப்இசட்எஃப் மூலம் எல்லாப் பொருத்தங்களையும் காட்டும். அது வேண்டுமென்று கேட்பவருக்கு மட்டும். என் விமர்சனம் இயல்பாக வருகிற நடத்தை மீதுதான். அதிலும் சிலர் சிடி என்ற பெயரையே ஜாக்சைட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், அதற்கான வசதியையும் கருவியே தருகிறது. இதை மட்டும் செய்யாதீர்கள் என்பேன். எழுதிய பாதையில் போகாவிட்டால் பிழை என்று சொல்லி நின்றுவிடுகிற ஒரு கமாண்ட், ஷெல்லில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மாற்றமும் பெரிதாக ஒன்றும் வேண்டாம். மதிப்பெண்களோடு பட்டியலைக் கொடு என்று கேட்டால் ஜாக்சைட் கொடுக்கிறது. முதலாவதின் எண் இரண்டாவதைப் போல இரண்டு மடங்காவது இருந்தால் நேராகப் போ, இல்லாவிட்டால் பட்டியலைக் காட்டு என்று ஒரு ஷெல் ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறேன், பத்து வரிகூட இல்லை. மேலே சொன்ன கணக்கு உதாரணத்தில் 24-க்கு 20, அதனால் கேட்கும். 14-க்கு 20, அப்போதும் கேட்கும். ஜிஎஸ்டி, செர்ட்டிஃபிகேட் மாதிரியானவற்றை இதில் விடவே இல்லை. அவற்றுக்கு ஆளுக்கு ஒரு அலியாஸ் எழுதி, பக்கத்திலேயே ஒரு வரிக் குறிப்பும் போட்டிருக்கிறேன்.