செல்வாக்கு என்னும் சொல்: வினைமுதல் யார்?

இலக்கிய வரலாற்றுப் பாடத்துக்கு விடை எழுதும் எம்மவரிடையே ஒரு வாக்கிய அமைப்பு ஆழமாக வழக்கூன்றிவிட்டது. “இவரில் அவரது செல்வாக்குக் காணப்படுகின்றது” என்பதே அது. பாரதியில் ஷெல்லியின் செல்வாக்கு, நாவலரில் மிஷனரிமாரின் செல்வாக்கு, ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளில் மணிக்கொடியின் செல்வாக்கு என எழுதிச் செல்லும்போது எதையோ விளக்கிவிட்டோம் என்ற நிறைவு உண்டாகின்றது. நானும் அவ்வாறு எழுதிப் புள்ளி பெற்றவன்தான். ஆயின் அவ்வாக்கியம் எதனை விளக்குகின்றது?

நாம் செல்வாக்கு எனப் பெயர்த்துக்கொண்ட ‘இன்புளுவன்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல், உட்பாய்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. விண்மீன்களிலிருந்து கட்புலனாகாத ஏதோவொன்று பாய்ந்திறங்கி மாந்தரின் குணத்தையும் விதியையும் நிர்ணயிக்கின்றது என்பது இடைக்கால ஐரோப்பியச் சோதிடரின் நம்பிக்கை. அதனையே இச்சொல் முதலிற் குறித்தது. சோசரின் கவிதையிலும் அது இப்பொருளில் வருகின்றது. இத்தாலியில் இதே சொல் கொள்ளைநோய்க்குப் பெயராயிற்று. 1743இல் அங்கு பரவிய காய்ச்சலோடு ‘இன்புளுவென்சா’ ஆங்கிலத்துட் புகுந்தது. மதுபோதையில் வாகனம் ஓட்டுபவனையும் ஆங்கிலேயர் இச்சொல்லாலேயே சுட்டுவர். கோளாயினும் நோயாயினும் மதுவாயினும், ஆட்படுபவன் வெறும் ஏற்பவனே.

தமிழில் இதற்கு நாம் வழங்கும் சொற்களும் இக்குறையினின்று நீங்கியவையல்ல. பாதிப்பு என்பதில் ஊறு தொனிக்கின்றது. தாக்கம் என்பதில் அடி விழுகின்றது. செல்வாக்கோ செல்லுபடியாகும் வாக்கு, அதாவது அதிகாரம். “மந்திரியிடம் செல்வாக்குள்ளவர்” என்று ஊரில் ஒருவரைக் காட்டும்போது அப்பொருள் தெளிவாகவே துலங்குகின்றது.

கலை வரலாற்றறிஞரான மைக்கேல் பக்சன்டோல் 1985இல் வெளியிட்ட நூலொன்றில் இச்சொல்லை வன்மையாகக் கண்டித்தார். செசான் பிக்காசோவிற் செல்வாக்குச் செலுத்தினார் என்னும்போது செசான் வினைமுதலாகின்றார். உண்மையில் நோக்கியவரும் தேர்ந்தவரும் மாற்றியவரும் பிக்காசோ அல்லவா? வினைமுதலும் செயப்படுபொருளும் இடம்மாறிவிடுகின்றன என்பதே அவர் வாதத்தின் சாரம். ஷெல்லி 1822இல் இறந்தவர். பாரதி பிறந்தது 1882இல். தமக்கு ‘ஷெல்லிதாசன்’ என்று பெயர் சூட்டிக்கொண்டது பாரதியின் செயலேயன்றி ஷெல்லியின் செயலன்று.

நாவலரை நோக்குமிடத்து இது மேலும் தெளிவாகும். பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் கற்பித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்குத் துணைநின்றவர் நாவலர். 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கினார். 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பின்னர் அச்சியந்திரம் கொணர்ந்தார். ஞானோபதேச வினாவிடையின் அமைப்பிலே சைவ வினாவிடை எழுந்தது. பிரசங்கமும் பாடசாலையும் அச்சும் வினாவிடையும் மிஷனரிமாரின் கருவிகள். அவற்றை அருகிருந்து கற்று, அவர்களுக்கெதிராகவே திருப்பினார் அவர். இதனைச் ‘செல்வாக்கு’ என்பது, பகைவனின் வாளைப் பறித்துப் போரிட்டவனை வாளால் வெட்டுண்டவன் என்பது போலாகும்.

எமது பழைய இலக்கணம் இவ்விடயத்தில் எம்மிலும் நுட்பமாகப் பேசியது எனலாம். முன்னூலின் வழிவரும் வழிநூலைத் தொல்காப்பிய மரபியல் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வகுக்கின்றது. நான்கும் வழிநூலாசிரியன் செய்யும் தொழில்கள். முன்னூல் அவன்மேல் எதனையும் பாய்ச்சுவதாக அங்கு பேச்சில்லை.

எனினும் பக்சன்டோலை முற்றாக ஏற்பதும் எனக்கு இயலவில்லை. அவர் காணும் ஓவியன் சுதந்திரமாகத் தேர்பவன். குடியேற்ற ஆட்சியில் ஆங்கிலக் கல்வி உத்தியோகத்துக்கு வாயிலாக அமைந்தபோது, அதனை நாடிய யாழ்ப்பாணத்து மாணவனுக்குத் தெரிவு எவ்வளவு இருந்தது? அங்கே செல்வாக்கு என்ற சொல் பொருத்தமானதே; அதிலுள்ள அதிகாரப் பொருளுக்காகவே பொருத்தமானது. நாவலரும் அவ்வதிகாரச் சூழலில் நின்றே தமக்கு வேண்டியதைத் தேர்ந்தார். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதும்போதுதான் அவர் செய்தது மறைந்துபோகின்றது.

ஈழத்து இலக்கியத்தைப் பொறுத்தவரை இது வெறுஞ் சொற்பிணக்கன்று. செல்வாக்கு வாக்கியங்களை வரிசையாக அடுக்கினால், தமிழகத்திலிருந்து பாயும் நீருக்கு நாம் வாய்க்காலாகவே எஞ்சுவோம். சி. வைத்திலிங்கம், இலங்கையர்கோன், சம்பந்தன் ஆகியோர் மணிக்கொடியிலிருந்து எதனை எடுத்தனர், எதனைக் கண்டும் விடுத்தனர் என்பதை அவர்களுடைய கதைகளை அவ்விதழின் கதைகளோடு அருகருகே வைத்துப் படித்தே அறியவேண்டும். “மணிக்கொடியின் செல்வாக்கு” என ஒரு வரி எழுதி முடிப்பவருக்கு அவ்வேலை இல்லை.